‘இல்லை’ என்று சொல்ல அந்தத் திரை யார்?

ஃபைல் மீது ரைட் கிளிக். ப்ராப்பர்ட்டீஸ். அதில் ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’. திறந்தால் உள்ளே வெறும் வெள்ளைப் பெட்டி. முந்தைய பதிப்புகள் எதுவும் இல்லை என்று ஒற்றை வரி. அந்த ஒற்றை வரி எத்தனை பேர் வயிற்றைப் பிசைந்திருக்கிறது! ஆறு மாதம் கண் விழித்து எழுதிய ஆய்வேட்டின் மேல் வெற்றுப் பக்கம் சேவ் ஆகிவிட்டது. நாளை ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டிய எக்செல் ஃபைலில் யாரோ பாதி வரிசைகளை அழித்து, கூடவே சேவ் பொத்தானையும் அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள். “பேக்கப் ஓடிக்கிட்டுதான் இருக்கு, கவலைப்படாதீங்க” என்று நம்பவைத்திருந்த மென்பொருள், தேவைப்பட்ட நேரத்தில் கையை விரிக்கிறது.

உடனே என்ன செய்கிறீர்கள்? நெற்றியில் அடித்துக்கொள்கிறீர்கள். “நமக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் சரிப்பட்டு வராது” என்று உங்களுக்கு நீங்களே ஒரு சான்றிதழ் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொள்கிறீர்கள். பிறகு யாரையாவது கூப்பிட்டு, மொத்தப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டிவிட்டு, வாசலில் போய் நின்று டீ குடிக்கிறீர்கள்.

போதும்! உள்ளே வாருங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்காருங்கள்.

திரையில் இருக்கும் அந்த வரி ஒரு நிரலின் வாக்குமூலம். அதுவும் அரைகுறை வாக்குமூலம். ‘நான் பார்த்த இடத்தில், நீ கேட்ட பெயரில், என் கணக்குப் புத்தகத்தில் எதுவும் தென்படவில்லை’ என்பதுதான் அது முழுதாகச் சொல்லியிருக்க வேண்டியது. தாலுகா ஆபீசில் முதல் மேசைக்காரர் “உங்க மனு இங்க இல்லையே” என்றால் பட்டாவே வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவீர்களா? எந்த செக்‌ஷன், எந்தத் தேதி, யார் பெயரில் பதிவு என்று நாலு மேசை ஏறி இறங்கி உலுக்கி எடுக்கிறவர் நீங்கள். ஒரு கண்ணாடித் திரையிடம் மட்டும் எதற்கு இந்தப் பணிவு?

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு ‘எல்லாம் திரும்ப வரும், எல்லாம் திரும்ப வரும்’ என்று நூறு தடவை சொல்லச் சொல்லும் மேடைப் பேச்சாளர்கள் மேல் எனக்குத் துளியும் மரியாதை கிடையாது. ஹார்டு டிஸ்க்குக்குக் காது இல்லை. நான் உங்களிடம் கேட்கும் நம்பிக்கை வேறு. ‘இது ஏன் இப்படி நடந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியும்’ என்ற நம்பிக்கை. படிப்பு, வயது, இங்கிலீஷ் எதுவும் அதற்குத் தடை இல்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10 இருக்கிறதென்றால், அந்த வெள்ளைப் பெட்டிக்குச் சரக்கு வருவது இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று, ஃபைல் ஹிஸ்டரி. 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்தது. வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நெட்வொர்க் டிரைவிலோ, மாற்றம் கண்ட ஃபைல்களை மட்டும் மணிக்கொரு முறை நகல் எடுத்து வைக்கும். மற்றொன்று, ரீஸ்டோர் பாயின்ட் எடுக்கப்படும்போது அதே டிஸ்க்குக்குள் உருவாகும் ஷேடோ காப்பி. இதற்கென ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால், பழையதை யாரிடமும் சொல்லாமல் கழித்துவிடும். ரீஸ்டோர் பாயின்டுகளை எடுக்கும் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனை ஒரு முறை அணைத்தால் அந்த டிரைவில் இருந்த எல்லா ரீஸ்டோர் பாயின்டும் போய்விடும். ஃபைல் ஹிஸ்டரியோ நீங்களாக ஆன் செய்யாதவரை உறங்கிக்கொண்டே இருக்கும். ஆக, முதல் கேள்வி எளிது: இந்த இரண்டில் எது உங்கள் கணினியில் ஓடுகிறது? கன்ட்ரோல் பேனலைத் திறந்து ஃபைல் ஹிஸ்டரியைப் பாருங்கள். ‘ஆஃப்’ என்று இருந்தால் அந்தப் பக்கத்துச் சரக்கு வராத காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. ‘ஆன்’ என்று இருந்தால், கடைசியாக எப்போது நகல் எடுத்தது என்ற தேதியும் அங்கேயே இருக்கும். அது மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியாக இருந்தால், வெளி டிஸ்க்கின் கேபிள் எந்த மேசை இழுப்பறையில் தூங்குகிறது என்று தேடுங்கள்.

ஆன் ஆகியிருக்கிறது, தேதியும் இன்றைய தேதி, ஆனாலும் பெட்டி காலி! ஆட்கள் மனம் விட்டுப்போவது இங்கேதான். சூடு பிடிக்க வேண்டிய இடமும் இதுதான்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே காதில் ஓதப்படும் மந்திரம் அது: “முக்கியமானதை சி டிரைவ்ல வெக்காதீங்க, ஃபார்மேட் போட்டா போயிடும், டி-ல வைங்க.” நாமும் பக்தியோடு டி டிரைவில் ‘ஆபீஸ்’, ‘ஆபீஸ் நியூ’, ‘ஆபீஸ் நியூ ஃபைனல்’ என்று ஃபோல்டர்களை அடுக்குகிறோம். ஃபைல் ஹிஸ்டரியோ நாம் எதையும் மாற்றாவிட்டால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் போன்ற லைப்ரரிகளையும் டெஸ்க்டாப்பையும் இன்னும் ஒன்றிரண்டையும்தான் கவனிக்கும். சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனும் பெரும்பாலும் சி டிரைவோடு நின்றுவிடும். டி டிரைவ் இரண்டுக்குமே வெளியே! உங்கள் பேக்கப் ஒவ்வொரு மணிக்கும் கடமை தவறாமல் எழுந்து, யாரும் எதுவும் வைக்காத டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைக் கண்ணும் கருத்துமாகக் காத்துக்கொண்டிருக்கிறது. மென்பொருள் பழுதாகவில்லை, நண்பரே. என்ன காக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லுங்கள், இப்போதே! விண்டோஸ் 10இல் செட்டிங்ஸுக்குள் பேக்கப் பகுதியில் ஃபோல்டரைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. விண்டோஸ் 11இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அங்கே டி டிரைவில் உள்ள ஃபோல்டரை ஏதாவது ஒரு லைப்ரரிக்குள் சேர்த்துவிட்டால் ஃபைல் ஹிஸ்டரி அதையும் எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடம் தெரியாததால்தான் பலர் தங்களை மக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது பெயர். ஷேடோ காப்பி ஒரு ஃபைலின் பழைய உருவத்தை, அதே வழித்தடத்தில் அதே பெயரில்தான் தேடும். ‘பட்ஜெட்’ என்று இருந்ததை நேற்று ‘பட்ஜெட் திருத்தியது’ என்று மாற்றியிருந்தால், புதிய பெயருக்குக் கடந்தகாலமே கிடையாது. வெள்ளைப் பெட்டி காலியாகத்தான் இருக்கும். இதற்கு வழி, ஒரு படி மேலே ஏறுவது. ஃபைலை விடுங்கள். அது இருக்கும் ஃபோல்டர் மீது ரைட் கிளிக் செய்து, அந்த ஃபோல்டரின் முந்தைய பதிப்பைத் திறங்கள். உள்ளே பழைய பெயரில் உங்கள் ஃபைல் உட்கார்ந்திருக்கும். ஃபோல்டருக்கே பெயர் மாறியிருந்தால் அதற்கும் மேலே ஏறுங்கள். ஒன்டிரைவ் ‘உங்கள் ஃபோல்டர்களைப் பாதுகாக்கட்டுமா’ என்று கேட்டதற்கு யோசிக்காமல் சரி சொல்லியிருந்தால், டாக்குமென்ட்ஸ் முழுவதும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம்பெயர்ந்திருக்கும். பழைய வரலாறு பழைய முகவரியிலேயே நின்றுவிடும். புதிய வீட்டில் நின்றுகொண்டு பழைய வீட்டுத் தபாலைத் தேடி என்ன பயன்?

இத்தனைக்குப் பிறகும் ஒன்றும் தென்படவில்லை என்றால், மென்பொருளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நீங்களே கிடங்குக்குள் இறங்குங்கள். ஆம், இறங்கலாம்! ஃபைல் ஹிஸ்டரியின் ரகசியம் இவ்வளவுதான்: அது எதையும் பூட்டி வைப்பதில்லை. வெளி ஹார்டு டிஸ்க்கைச் சாதாரணமாகத் திறங்கள். ‘ஃபைல்ஹிஸ்டரி’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் உங்கள் யூசர் பெயர். அதற்குள் கணினியின் பெயர். அதற்குள் ‘கான்ஃபிகரேஷன்’, ‘டேட்டா’ என்று இரண்டு. கான்ஃபிகரேஷனில் இருப்பது கணக்குப் புத்தகம். அது கெட்டுப்போனாலோ, கணினியின் பெயர் மாறினாலோ, விண்டோஸைப் புதிதாகப் போட்டதால் பழைய கணக்கோடு தொடர்பு அறுந்தாலோ, மென்பொருள் ‘எதுவும் இல்லை’ என்கிறது. ஆனால் ‘டேட்டா’வுக்குள் உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும். சாதாரண வேர்டு ஃபைல், சாதாரண எக்செல் ஃபைல். டபுள் கிளிக் செய்தால் திறக்கும்.

அங்கே ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். 2024_03_14 10_30_12 என்பது போல ஒரு நீள எண், கடைசியில் யுடிசி என்று மூன்று எழுத்து. அது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆக, 10_30 என்றால் நம் கடிகாரத்தில் மாலை 4 மணி. ‘காலை பத்தரைக்கு நான் கடையே திறக்கவில்லையே, இது யாருடைய ஃபைல்’ என்று குழம்பிச் சரியான பதிப்பைக் கைவிட்டுவிடாதீர்கள். ஐந்தரையைக் கூட்டுங்கள். சின்ன வயதில் போட்ட கூட்டல்தான். ஆடிட்டருக்கு வேண்டிய அந்த எக்செல் ஃபைல், யாரோ கை வைப்பதற்கு ஒரு மணி நேரம் முந்தைய நிலையில், அங்கே காத்திருக்கலாம்.

கிடைத்துவிட்டதா? கையை மடக்கிக்கொள்ளுங்கள். சந்தோஷத்தில் ‘ரீஸ்டோர்’ பொத்தானை அழுத்திவிட வேண்டாம். ஒரு ஃபோல்டரையே அப்படி ரீஸ்டோர் செய்தால், பழையது வந்து இன்றைய வேலையின் மேல் உட்கார்ந்துவிடும். முதலில் ‘ஓப்பன்’. பார்த்து உறுதி செய்துகொண்டு, ‘ரீஸ்டோர் டு’ கொடுத்து வேறொரு இடத்தில் இறக்குங்கள். துணிச்சல் வேறு, அவசரம் வேறு. இரண்டையும் ஒன்றென நினைத்து அழித்துக்கொண்ட வேலைகள்தான் அதிகம்.

டிடிபி சென்டர் நடத்தும் சகோதர சகோதரிகளுக்குத் தனியாக ஒரு சொல். மீட்டெடுத்த திருமணப் பத்திரிகையைத் திறக்கிறீர்கள். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து ஏதோ கிறுக்கல். “ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு” என்று பக்கத்தில் நிற்பவர் தீர்ப்புச் சொல்வார். பொறுங்கள்! அது பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைலாக இருக்கலாம். விண்டோஸ் புதிதாகப் போட்டபோது அந்த எழுத்துரு போய்விட்டது, அவ்வளவுதான். எழுத்துருவைத் திரும்ப நிறுவினால், மாப்பிள்ளை வீட்டார் பெயர் முதல் மண்டப முகவரி வரை அட்சரம் பிசகாமல் எழுந்து நிற்கும். நல்லபடியாகத் திரும்பி வந்த ஃபைலைப் பிணம் என்று நினைத்துப் புதைக்கும் கொடுமை எத்தனை கடைகளில் நடக்கிறதோ!

இப்போது சர்வீஸ் தம்பியைப் பற்றிப் பேசியாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குகிறவர். அதனால் அவரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் இருக்கிறது.

“அக்கா, வைரஸ் மாதிரி தெரியுது. ஃபார்மேட் போட்டு நீட்டா ஏத்திடலாமா?”

“தம்பி, கொஞ்சம் இரு. ஃபைல் ஹிஸ்டரி எந்த டிஸ்க்ல எழுதிட்டு இருந்துச்சுன்னு பார்த்தியா?”

“அது… பார்க்கலைக்கா.”

“முதல்ல அதைப் பார்ப்போம். ஃபார்மேட் எங்கயும் ஓடிப் போயிடாது.”

இந்த நாலு வரியைப் பேசுவதற்குப் பொறியியல் பட்டம் தேவையா? குரலை உயர்த்தக்கூட வேண்டாம். கேள்வி கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் முன்னால் தம்பியும் கூர்மையாகிவிடுவார். அவரும் கற்றுக்கொள்ளட்டுமே! இழந்த ஃபைல் இருந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதக் கூடாது, எந்த மென்பொருளையும் ஏற்றக் கூடாது, விண்டோஸ் தானாக ‘ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று கேட்டால் ஒப்புக்கொள்ளக் கூடாது. இவை மூன்றும் உங்கள் கட்டளைகளாக இருக்கட்டும்.

காரணம் இன்னும் பிடிபடவில்லையென்றால் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். ஃபைல் ஹிஸ்டரி எஞ்சினுக்கென்று அங்கே ஒரு பதிவேடு உண்டு. எந்த ஃபைலை ஏன் நகலெடுக்க முடியவில்லை என்று முணுமுணுத்து வைத்திருக்கும். ஆங்கிலம் புரியவில்லை என்று கூச்சப்படாதீர்கள். அந்த ஆங்கிலம் ஆங்கிலேயருக்கே புரியாது. பிழை எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால், கேட்கத் தகுந்தவரிடம் சரியான கேள்வி கேட்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, விஎஸ்எஸ்அட்மின் கட்டளையோடு ‘லிஸ்ட் ஷேடோஸ்’ என்று சேர்த்துத் தட்டினால், டிஸ்க்குக்குள் உயிரோடு இருக்கும் ஷேடோ காப்பிகளின் பட்டியல் வந்து நிற்கும். பார்ப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. ‘டிலீட்’ என்ற சொல்லை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னக்ரை என்ற தீநிரல், ஃபைல்களைப் பூட்டியதோடு நிற்காமல், இதே கருவியை வைத்துத்தான் ஷேடோ காப்பிகளைத் துடைத்தது. ஒரே நாளில் எல்லா ஃபைலின் வாலிலும் விநோதமான பெயர் முளைத்து, முந்தைய பதிப்புகளும் காணாமல் போயிருந்தால், ஆராய்ச்சி பிறகு. நெட்வொர்க் கேபிளை முதலில் பிடுங்குங்கள்.

‘பெரிய கம்பெனிக்காரர்களுக்கு இதெல்லாம் நடக்காது, நமக்குத்தான் இந்த அசட்டுத்தனம்’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறதல்லவா? அதன் வாயை அடைக்க ஒரு கதை சொல்கிறேன், முழுக்க நடந்த கதை.

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனம். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைப் பதிப்பு பதிப்பாகச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்துகிறது. கவனியுங்கள், பழைய பதிப்புகளைக் காப்பதே அவர்கள் பிழைப்பு! அன்று இரவு அவர்களுடைய இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களில் துணை சர்வர் பின்தங்கிவிட்டது. அதைப் புதிதாக நிரப்புவதற்காக அதிலிருந்த டேட்டா ஃபோல்டரை அழிக்க நினைத்தார் ஒரு பொறியாளர். களைத்துப்போன நேரம். கட்டளையைத் தட்டியது முதன்மை சர்வரில்! ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி.

சரி, பேக்கப்பை எடு என்று ஓடினார்கள். அமேசான் சேமிப்பகத்தில் அன்றாடம் சேர்ந்திருக்க வேண்டிய நகல்களைத் தேடினால், அங்கே எதுவும் இல்லை. நீங்கள் பார்த்த அதே வெள்ளைப் பெட்டி, கொஞ்சம் பெரிய அளவில்! ஏன் என்று தோண்டினார்கள். டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவியோ 9.2. பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. பிழையைத் தெரிவிக்க மின்னஞ்சல் போகுமே? போனது. ஆனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் விதியில் சிக்கி, அந்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டன. யார் கண்ணிலும் படவில்லை. அஷ்யூர் கிளவுடில் டிஸ்க்கை மொத்தமாகப் படமெடுக்கும் வசதி இருந்தது. டேட்டாபேஸ் சர்வர்களுக்கு அது இயக்கப்படவே இல்லை.

ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் சாத்தப்படுகின்றன. நீங்களும் நானும் என்றால் போனை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போயிருப்போம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நடப்பது அத்தனையையும் எல்லோரும் படிக்கும்படி ஒரு ஆவணத்தில் எழுதிக்கொண்டே போனார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ‘நாங்கள் தவறிவிட்டோம், தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று ஊரறியச் சொல்லிவிட்டுத் தேடுவதற்கு எவ்வளவு முதுகெலும்பு வேண்டும்! சோதனைக்காக வேறொரு சர்வரில் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட் கையில் கிடைத்தது. மெதுவான டிஸ்க்கிலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவரவே ஒரு நாளின் பெரும்பகுதி போனது. அந்த 6 மணி நேரத்து விவரங்கள் திரும்பவில்லை. சுமார் 5,000 ப்ராஜெக்ட்டுகளும் 5,000 பின்னூட்டங்களும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. நிரல்கள் பிழைத்தன. பிறகு நடந்ததை ஒளிக்காமல் நீண்ட அறிக்கையாக வெளியிட்டார்கள். அந்தப் பொறியாளர் வேலையை விட்டு நீக்கப்படவில்லை. 2021இல் கிட்லேப் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த 9.6, 9.2 கணக்குதான். மலை போன்ற சரிவுக்குப் பின்னால் எவ்வளவு அற்பமான காரணம்! உங்கள் காலிப் பெட்டிக்குப் பின்னாலும் அப்படி ஒரு அற்பக் காரணம்தான் ஒளிந்திருக்கும்: கழற்றிய கேபிள், மாறிய பெயர், சேர்க்காத ஃபோல்டர். அதைப் பூதமாக்கியது உங்கள் பயம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு டைம் மெஷின் உண்டு. 2007 அக்டோபரில் வந்தது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முன்னால் வாரத்துக்கொன்று என்றுதான் அது வைத்திருக்கும். டிஸ்க் நிரம்பினால் மிகப் பழையது கழியும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பார்த்த பதிப்பு அங்கே இல்லையென்றால் அது கோளாறு இல்லை, அதன் இயல்பு. பக்கத்து வாரத்துப் பதிப்பைத் திறந்து, அங்கிருந்து வேலையைத் தொடருங்கள்.

நேர்மையாக ஒன்று. சில நேரம் உண்மையாகவே எதுவும் இருக்காது. பேக்கப் ஓடியிருக்காது, அல்லது ‘ஒரு மாதம் மட்டும் வை’ என்று யாரோ அமைத்திருப்பார்கள். அப்போதும் ‘இல்லை’ என்ற சொல் உங்கள் வாயிலிருந்து, எல்லாவற்றையும் துழாவிய பிறகு வரட்டும். திரையிலிருந்து வர வேண்டாம். வாடிக்கையாளருக்குப் ப்ரூஃப் பார்க்க வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களே, அந்த பிடிஎஃப் எங்கே? வழிகாட்டிப் பேராசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய அத்தியாயம் ‘சென்ட்’ பெட்டியில் இல்லையா? தனிநபர் ஒன்டிரைவ் கணக்கு ஒரு ஃபைலுக்குக் கடைசி 25 பதிப்புகள் வரை வைத்திருக்கும். கூகுள் டிரைவில் ஏற்றிய வேர்டு, பிடிஎஃப் போன்ற ஃபைல்களின் பழைய பதிப்புகள் 30 நாள் வரை இருக்கும். வேர்டு, எக்செல் இரண்டிலும் சேமிக்காத ஆவணங்களை மீட்கும் வழி தனியாகவே இருக்கிறது. பிக்ஸார் நிறுவனத்தில் 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் ஃபைல்கள் ஒரு தவறான கட்டளையில் அழிந்தபோது, பேக்கப்பும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். உங்கள் ‘வீட்டுக் கணினி’ எது என்று யோசியுங்கள்.

அங்கும் இல்லையா? எழுதுங்கள், மறுபடியும்! தாமஸ் கார்லைல் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதிய நூலின் முதல் பாகக் கையெழுத்துப் பிரதியை, படித்துப் பார்க்கச் சொல்லி நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் கொடுத்திருந்தார். 1835இல் அது அடுப்புக்குப் போய்விட்டது. வேறு பிரதி கிடையாது. உட்கார்ந்து மீண்டும் எழுதினார். 1837இல் நூல் வெளிவந்தது. இரண்டாம் முறை எழுதும்போது முதல் முறை பட்ட தடுமாற்றம் இருக்காது என்பதை எழுதுகிற எவரும் அறிவார்கள். ஃபைல் போனாலும் அதை உருவாக்கிய மூளை உங்கள் தோளுக்கு மேல்தான் இருக்கிறது.

ஆனால் அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்? இங்கேதான் என் கோபம் முழுவதும். பேக்கப் வைத்திருக்கிறேன் என்று மார் தட்டுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு முறையாவது அதிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பார்த்திருப்பார்கள்? பச்சை நிற டிக் வந்ததும் திருப்தி அடைந்துவிடுகிறோம். கிட்லேப்பின் மின்னஞ்சல்கள் கற்பித்தது என்ன? எச்சரிக்கை வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று நினைக்காதீர்கள். மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள். நல்ல விதிதான். அதோடு என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்: மாதம் ஒரு முறை ஒரு பழைய பதிப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். பெரியவர்கள் திரையைக் கண்டு நடுங்காமல் கேள்வி கேட்பதை அவர்கள் பார்க்கட்டும்.

‘நான் ஆர்ட்ஸ் குரூப்’, ‘எனக்கு வயதாகிவிட்டது’, ‘இதெல்லாம் ஆம்பளைங்க பார்க்குற வேலை’, ‘எனக்கு இங்கிலீஷ் வராது’. இந்தச் சாக்குகளை எல்லாம் இன்றோடு ரீசைக்கிள் பின்னில் போட்டு, அதையும் காலி செய்யுங்கள். அவற்றுக்கு மட்டும் முந்தைய பதிப்பு வேண்டாம்.

இன்றிரவு கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். போனால் உங்கள் தூக்கம் போய்விடும் என்று நினைக்கும் ஃபைல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் போன வாரப் பதிப்பை வேறொரு ஃபோல்டரில் இறக்கித் திறந்து பாருங்கள். திறந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள். திறக்கவில்லையா? அசல் பத்திரமாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டீர்கள். படுக்கப் போவதற்குள் அதை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, அது எந்தெந்த ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.